பெட்டி மூச்சு விடுகிறதா?

திண்டுக்கல்லுக்குப் பெட்டி புதிதல்ல. பூட்டுக்கும் இரும்புப் பெட்டிக்கும் பேர்போன ஊர் இது. கையால் செய்யப்படும் திண்டுக்கல் பூட்டுக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. நல்ல இரும்புப் பெட்டிக்கு இலக்கணம் என்ன? கள்ளன் கை உள்ளே போகக்கூடாது. தீப்பிடித்தாலும் சூடு உள்ளே போகக்கூடாது. அவ்வளவுதான்.

இதே இரும்புத் தகட்டில் செய்யப்படும் இன்னொரு பெட்டி உண்டு. அதற்கு இலக்கணம் நேர் எதிரானது. உள்ளே இருக்கும் சூடு வெளியே போயாக வேண்டும். வெளிக்காற்று உள்ளே வந்தாக வேண்டும். அதுதான் மேசைக் கணிப்பொறியின் பெட்டி. கடைகளில் 'கேபினெட்' என்பார்கள். கணிப்பொறி வாங்குகிறவர்கள் பிராசசர் என்ன, கிராபிக்ஸ் கார்டு என்ன என்று பத்து நாள் விசாரிக்கிறார்கள். கேபினெட்டை மட்டும் பத்து நிமிடத்தில், அழகு பார்த்து வாங்கிவிடுகிறார்கள். அப்படி வாங்கிய ஒரு பெட்டியின் கதையை முதலில் சொல்கிறேன்.

என் வகுப்பில் முதலாண்டு பௌதிகம் படிக்கும் மாணவன் ஒருவன். அவன் அம்மா நூற்பாலையில் வேலை செய்கிறார். அவருடைய தீபாவளி போனசும் அவன் சேர்த்த பணமும் சேர்ந்து ஒரு கணிப்பொறி ஆயிற்று. விளையாட்டுக்காகத்தான் ஆசைப்பட்டான், ஆனால் அதிலேயே கல்யாண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுத்துக் கல்லூரிக் கட்டணத்துக்கும் வழி செய்து கொண்டான். கார்த்திகை, தை எல்லாம் ஒழுங்காக ஓடிய எந்திரம் சித்திரை பிறந்ததும் மக்கர் செய்யத் தொடங்கியது.

"சார், கேம் ஓடுறப்ப படம் விட்டு விட்டு வருது. கொஞ்ச நேரத்துல தானா அணைஞ்சு போகுது. வீடியோ ரெண்டரிங் போட்டாலும் அதே கதைதான். தண்ணி கூலர் போட்டா சரியாயிடும்ங்கிறாங்க. ஆனா பல ஆயிரம் ஆகும்."

"வாங்குறது இருக்கட்டும் தம்பி. முதல்ல அளந்து பார்ப்போம்" என்றேன்.

மின்சாரம் எங்கே போகிறது?

மின்விசிறி மின்சாரத்தை வாங்கிக் காற்றைத் தள்ளுகிறது. விளக்கு ஒளி தருகிறது. கணிப்பொறி என்ன தருகிறது? படமும் ஒலியும் கணக்கும் தருகிறது என்பீர்கள். ஆற்றல் அழியாமை விதிப்படி பார்த்தால் விடை வேறு. உள்ளே போகும் மின்னாற்றல் ஏறக்குறைய முழுவதுமே இறுதியில் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. 440 வாட் இழுக்கும் கணிப்பொறி, அறையைச் சூடாக்கும் விஷயத்தில், 440 வாட் மின் அடுப்புக்குச் சமம்.

முன்பு இது ஒரு பெரிய சிக்கலாக இருக்கவில்லை. 1989இல் வந்த 486 பிராசசருக்குச் சில வாட்களே போதும்; அவற்றில் பல விசிறி இல்லாமலே ஓடின. இன்றைய நிலை என்ன? 2025இல் வெளிவந்த ஆர்.டி.எக்ஸ். 5090 என்னும் கிராபிக்ஸ் கார்டு ஒன்றுக்கு மட்டும் 575 வாட் வரை தேவை. நம் மாணவனுடையது அவ்வளவு பெரியதல்ல. கிராபிக்ஸ் கார்டு 220 வாட், பிராசசர் 120 வாட், மற்றவற்றுக்கு 55 வாட், எஸ்.எம்.பி.எஸ். வீணாக்குவது 45 வாட். ஆக மொத்தம் 440 வாட். பிளக்கில் வாட் மீட்டர் செருகிப் பார்த்தபோதும் முள் அங்கேதான் நின்றது.

பிராசசர் சுமார் 95 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். அந்த எல்லையை நெருங்கினால் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக் கொள்ளும்; படம் விட்டு விட்டு வருவது அதனால்தான். அதற்குப் பிறகும் சூடு ஏறினால் எந்திரம் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். இது பழுதல்ல, பாதுகாப்பு.

எத்தனை குடம் காற்று?

பெட்டியை விட்டு வெப்பத்தை எடுத்துச் செல்லும் வாகனம் காற்று. எவ்வளவு காற்று வேண்டும் என்பதை நாமே கணக்கிடலாம். பதினோராம் வகுப்புப் பாடத்தில் வரும் தன்வெப்பம்தான் இதற்கு வேண்டும்.

திண்டுக்கல் கோடையில் ஒரு கன மீட்டர் காற்றின் நிறை சுமார் 1.1 கிலோகிராம். ஒரு கிலோகிராம் காற்றை ஒரு டிகிரி சூடாக்கச் சுமார் 1000 ஜூல் வேண்டும். ஆகவே ஒரு கன மீட்டர் காற்று ஒரு டிகிரி சூடேற 1100 ஜூல். இதை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள்.

440 வாட் என்றால் நொடிக்கு 440 ஜூல். உள்ளே போகும் காற்று 10 டிகிரி மட்டுமே சூடேறி வெளியேற வேண்டுமானால், 440ஐ 1100ஆலும் 10ஆலும் வகுக்க வேண்டும். விடை 0.04 கன மீட்டர். அதாவது நொடிக்கு 40 லிட்டர். தண்ணீர்க் குடத்தால் அளந்தால், ஒவ்வொரு நொடியும் ஏறத்தாழ மூன்று குடம் காற்று பெட்டிக்குள் புகுந்து வெளியேற வேண்டும்!

காற்று பாதியாகக் குறைந்தால்? 20 லிட்டர்தான் போகிறது என்றால், வெளியேறும் காற்று அறையைவிட 20 டிகிரி கூடுதலாக இருக்கும். வெப்பம் குறைவதில்லை, அதைச் சுமக்கும் வண்டிகள் குறைகின்றன. ஒவ்வொரு வண்டியிலும் சுமை ஏறுகிறது.

இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால் ஓர் அருமையான கருவி கிடைக்கிறது. வாட் தெரியும், உள்ளே போகும் காற்றின் வெப்பநிலையையும் வெளியேறும் காற்றின் வெப்பநிலையையும் அளந்துவிட்டால், எத்தனை லிட்டர் காற்று ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

மாணவன் வீட்டில் அதைத்தான் செய்தோம். ஆய்வுக்கூடத்து வெப்பமானி இரண்டு. ஒன்று முன்பக்கம், ஒன்று பின்பக்கம். அரை மணி நேரம் விளையாட்டை ஓட விட்டோம். முன்னே 38 டிகிரி. பின்னே 57 டிகிரி. வித்தியாசம் 19. கணக்குப் போட்டான்: நொடிக்கு 21 லிட்டர்தான். அவன் பெட்டியிலோ முன்பக்கம் மூன்று விசிறிகள்! ஒவ்வொன்றும் தடையின்றிச் சுழன்றால் நொடிக்கு 25 லிட்டர் தள்ளும் என்று விசிறியின் விவரத்தாளில் போட்டிருந்தது. மீதிக் காற்று எங்கே?

கண்ணாடி முகம்

பெட்டியின் முகத்தைப் பார்த்தேன். பளபளக்கும் கண்ணாடி. அதற்குப் பின்னால் வண்ண விளக்குகளுடன் மூன்று விசிறிகள். பார்க்க அழகுதான். காற்று நுழைய இருந்த வழியோ கண்ணாடியின் இரு ஓரங்களிலும் இருந்த இடுக்கு மட்டும்தான்.

ஓர் அளவுகோல் எடுத்தோம். இடுக்கின் உயரம் 45 செ.மீ., அகலம் 1 செ.மீ. இரண்டு பக்கமும் சேர்த்து 90 சதுர செ.மீ. 120 மி.மீ. விசிறி ஒன்றில், நடுக் குமிழைக் கழித்துவிட்டால், காற்று போகும் பரப்பு சுமார் 90 சதுர செ.மீ. மூன்றுக்கும் 270. அதாவது மூன்று வாய்களுக்கு ஒரு மூக்கு!

மூன்றில் ஒரு பங்கு வழியில் அதே காற்றைச் செலுத்த வேண்டுமானால் மூன்று மடங்கு வேகம் வேண்டும். வேகம் மூன்று மடங்கானால் அதற்குத் தேவையான அழுத்தம் மூன்றின் இருமடி, அதாவது ஒன்பது மடங்கு ஆகும். கணிப்பொறி விசிறி தரக்கூடிய அழுத்தமோ மிகச் சொற்பம். 1 முதல் 3 மி.மீ. உயர நீரின் அழுத்தம்தான். உறிஞ்சு குழாயில் இளநீர் குடிக்கும் குழந்தைகூட இதைவிடப் பலமாக இழுக்கும். ஆகவே வழி குறுகினால் விசிறி தோற்றுவிடுகிறது. வெறுமனே சுழன்று சத்தம் போடுகிறது.

கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மீண்டும் அரை மணி நேரம் ஓட்டினோம். அறை 38, வெளியேறும் காற்று 49. வித்தியாசம் 11 டிகிரியாகக் குறைந்துவிட்டது. நொடிக்கு 36 லிட்டர். எந்திரம் அணையவில்லை. தண்ணீர்க் கூலருக்கு அங்கே வேலையே இல்லை. அதுவும் தன் வெப்பத்தைக் கடைசியில் காற்றிடம்தான் கொடுத்தாக வேண்டும். காற்றுக்கு வழி இல்லாத பெட்டியில் அதற்கும் மூச்சுத் திணறும்.

சூடான காற்று மேலே ஏறுமே?

"வெப்பக் காற்று தானாக மேலே ஏறும், மேலே ஓட்டை வைத்தால் போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. வெப்பச்சலனம் உண்மைதான். ஆனால் எவ்வளவு பலம்? அரை மீட்டருக்கும் குறைவான உயரமுள்ள பெட்டியில், உள்ளே 20 டிகிரி கூடுதலாக இருந்தாலும், அதனால் உண்டாகும் அழுத்தம் ஒரு மி.மீ. நீரின் அழுத்தத்தில் சுமார் முப்பதில் ஒரு பங்குதான். செங்கல் சூளைப் புகைபோக்கிக்கு உயரம் இருக்கிறது. அதனால் அது இழுக்கிறது. கணிப்பொறிப் பெட்டிக்கு அந்த உயரம் இல்லை. இங்கே விசிறிதான் எசமான். ஆகவே முன்னால் நுழைந்து, வெப்பமான பாகங்களைத் தொட்டு, பின்னாலும் மேலாலும் வெளியேறும்படி விசிறிகளை வைப்பதே முறை. எதிரெதிராக வைத்துவிட்டால் வெளியேறிய சூட்டுக் காற்றையே மறுபடி உள்ளிழுக்கும்.

மதர்போர்டு எந்தப் பெட்டியிலும் பொருந்துகிறதே, எப்படி? திருகு துளைகள் எங்கெங்கே இருக்க வேண்டும் என்று வகுத்த ஏ.டி.எக்ஸ். என்னும் அளவுமுறையை இன்டெல் நிறுவனம் 1995இல் வெளியிட்டது. 305 மி.மீ.க்கு 244 மி.மீ. மதர்போர்டு எந்த நாட்டில் செய்யப்பட்டாலும் வேறெந்த நாட்டுப் பெட்டியிலும் உட்காருவது அதனால்தான். 2000களின் நடுவில் காற்றோட்டத்தையே முதன்மையாக வைத்து பி.டி.எக்ஸ். என்ற புது அளவுமுறையையும் அதே நிறுவனம் கொண்டு வந்தது. அது நிலைக்கவில்லை, பழைய அளவே இன்றும் நீடிக்கிறது.

புழுதி என்னும் போர்வை

நம் ஊர்ச் சமவெளியில் செம்மண். ஆடிக் காற்று அடித்தால் சன்னல் திட்டில் எழுதிப் படிக்கலாம், அவ்வளவு புழுதி. நொடிக்கு மூன்று குடம் காற்றை இழுக்கும் பெட்டி அந்தப் புழுதியையும் சேர்த்துத்தான் இழுக்கும். அது ஹீட் சிங்க் தகடுகளின் நடுவே படிந்து, காற்றுக்குத் தடையாகவும் வெப்பத்துக்குப் போர்வையாகவும் ஆகிவிடுகிறது.

எனவே முன்பக்கம் நுண்வலை வடிகட்டி வேண்டும்; அது கையால் கழற்றக் கூடியதாகவும் இருக்க வேண்டும். உள்ளிழுக்கும் விசிறிகள் வெளியேற்றும் விசிறிகளைவிடச் சற்றுக் கூடுதலாகத் தள்ளினால் இன்னொரு நன்மை உண்டு. பெட்டிக்குள் அழுத்தம் இம்மியளவு உயர்ந்திருக்கும். அப்போது சந்து பொந்துகளின் வழியே காற்று வெளியே கசியுமே தவிர, வடிகட்டாத காற்று உள்ளே புகாது.

இதை நான் விளக்கிக் கொண்டிருந்தபோது மாணவனின் அம்மா, "எங்க மில்லுல இது தினப்படி வேலை சார். ஃபில்டர்ல பஞ்சு அடைஞ்சா உள்ள காத்தே வராது. தட்டித் தட்டி விடணும்" என்றார். பாடத்தை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

கடையில் என்ன பார்ப்பது?

கேபினெட் வாங்கப் போகும்போது ஓர் அளவுகோலும் கொஞ்சம் கணக்கும் போதும்.

1. முன்பக்கத்தைப் பாருங்கள். காற்று நுழையும் வழியின் பரப்பைக் கணக்கிடுங்கள். 45 செ.மீ.க்கு 20 செ.மீ. துளைத் தகட்டில் பாதி துளை என்றால் 450 சதுர செ.மீ. வழி கிடைக்கும். இது விசிறிகளின் மொத்தப் பரப்பைவிடக் குறையக்கூடாது.

2. தகட்டின் தடிமனைக் கேளுங்கள். இரும்புப் பெட்டி செய்பவர்கள் விரலால் தட்டியே சொல்லிவிடுவார்கள். தகட்டின் விறைப்பு தடிமனின் மும்மடிக்கேற்ப உயர்கிறது. 0.5 மி.மீ. தகட்டைவிட 0.8 மி.மீ. தகடு நான்கு மடங்கு விறைப்பானது. மெல்லிய தகடு விசிறியோடு சேர்ந்து அதிரும், சத்தம் போடும்.

3. கிராபிக்ஸ் கார்டின் நீளத்தையும் பிராசசர் கூலரின் உயரத்தையும் குறித்துக்கொண்டு போங்கள். 300 மி.மீ.க்கு மேல் நீளமான கார்டுகளும் உண்டு. பெட்டியில் அதற்கு இடம் இருக்கிறதா?

4. வடிகட்டி திருகு கழற்றாமல் வெளியே வருகிறதா?

5. கடையில் ஓடும் எந்திரத்தின் வெப்பநிலையைக் காட்டினால், அந்த அறையின் வெப்பநிலையையும் கேளுங்கள். ஏ.சி. அறையில் 24 டிகிரியில் பிராசசர் 74 காட்டினால் வித்தியாசம் 50. நம் வீட்டு 38 டிகிரியில் அது 88ஐ ஒட்டி நிற்கும். வித்தியாசம்தான் பெட்டியின் குணம். மீதி ஊரின் குணம்.

ஊரின் குணம் என்றேனே, நம் மாவட்டத்திலேயே அதைக் காணலாம். இதே பெட்டியைக் கொடைக்கானலுக்கு எடுத்துச் செல்லுங்கள். அங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு. அதனால் 10 டிகிரி வித்தியாசம் கிட்டத்தட்ட 12 ஆகிவிடும். ஆனாலும் அங்கே அறை 20 டிகிரியில் இருந்தால் வெளியேறும் காற்று 32தான். கீழே திண்டுக்கல்லில் அது 48!

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ உள்ள கணிப்பொறியை நீங்களே சோதிக்கலாம். 110 டிகிரி வரை அளக்கும் ஆய்வுக்கூட வெப்பமானி வேண்டும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி உதவாது; அது 42 டிகிரியோடு நின்றுவிடும். முன்னும் பின்னும் அளந்து வித்தியாசத்தைக் குறியுங்கள். பிறகு முன்பக்க மூடியைக் கழற்றிவிட்டு அதே வேலையை அதே நேரம் ஓட்டி மறுபடி அளங்கள். வித்தியாசம் வெகுவாகக் குறைந்தால் குற்றவாளி அந்த மூடிதான். ஒரு நூல் துணுக்கைத் துளைகளின் முன் பிடித்தால் காற்று எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்பதும் தெரியும்.

சுழலும் விசிறிக்குள் விரலோ வெப்பமானியோ போகக்கூடாது. தூசி துடைக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். இன்னொன்று: பெட்டியைத் தொட்டால் சுருக்கென்று லேசாக ஷாக் அடிக்கிறதா? அப்படியானால் எர்த் இணைப்பு இல்லை என்று பொருள். எஸ்.எம்.பி.எஸ். உள்ளே இருக்கும் வடிகட்டி மின்தேக்கிகள் வழியே கசியும் சிறு மின்னோட்டம் பூமிக்குப் போக வழியின்றிப் பெட்டியில் நிற்கிறது. மூன்று முள் பிளக்கை இரண்டு முள்ளாக மாற்றிச் செருகுவதை விட்டுவிட்டு, பெரியவர்களிடம் சொல்லி எர்த்தைச் சரி செய்யுங்கள்.

பெட்டிக்கு வெளியே ஒரு பெட்டி

நம் மாணவன் புதுப் பெட்டி வாங்கவில்லை. கழற்றிய கண்ணாடியின் அளவை எடுத்துக்கொண்டு, ஊரில் இரும்புப் பெட்டி செய்யும் பட்டறை ஒன்றுக்குப் போனான். அவர்கள் துளைத் தகடு ஒன்றை அளவாக வெட்டி, ஓரம் மடித்துக் கொடுத்தார்கள். உள்பக்கம் நைலான் கொசுவலையை ஒட்டினான். வித்தியாசம் 12 டிகிரி. கண்ணாடி இருந்தபோது இருந்ததைவிட 7 குறைவு.

இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தான். "சார், வித்தியாசம் பன்னெண்டுதான். ஆனா ராத்திரி ஆக ஆக ரெண்டு வெப்பமானியும் சேர்ந்தே ஏறுது."

விடை கணக்கில் இருந்தது. அவன் அறை நீளம், அகலம், உயரம் மூன்றும் 3 மீட்டர். 27 கன மீட்டர் காற்று. அதை ஒரு டிகிரி சூடாக்க 29,700 ஜூல் போதும். 440 வாட் அதை ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் கொடுத்துவிடும். சுவரும் தளமும் பெரும்பங்கை வாங்கிக் கொள்வதால் அறை அவ்வளவு வேகமாகச் சூடாவதில்லை. ஆனால் புழுதிக்குப் பயந்து அவன் சன்னலைச் சாத்தி வைத்திருந்தான். அந்த அறையும் ஒரு பெட்டிதான். அதற்கும் காற்று நுழைய ஒரு வழி, வெளியேற ஒரு வழி வேண்டும். எந்தக் கேபினெட்டும் தான் இருக்கும் அறையைவிடக் குளிர்ந்திருக்க முடியாது.

இப்போது சன்னலிலும் ஒரு கொசுவலை இருக்கிறது. கணிப்பொறியின் பக்கவாட்டில் ஒரு தாள் ஒட்டி, மாதம் ஒருமுறை வித்தியாசத்தைத் தேதியிட்டு எழுதி வருகிறான். 12, 12, 13, 15 என்று ஏறினால் வலையைக் கழற்றித் தட்டுவான். அந்த வேலையில் அவன் அம்மாதான் மேற்பார்வை.